மெய்யும் மெய்நிகரும்

“கேட்கவே வெட்கமாக இருக்கிறது, சாமி” என்று தொடங்கும் பேச்சுகள் பெரும்பாலும் ஒப்புரவு அருட்சாதனத்தில்தான் போய் முடியும். அன்று அவ்வாறு முடியவில்லை. ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு, கோவில் முற்றத்து வேப்பமர நிழலில், 67 வயதுப் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டது ஒரு பொருள் வாங்குவதைப் பற்றி. வெளிநாட்டில் வேலை செய்யும் மகள் பணம் அனுப்பியிருக்கிறாள். தலையில் மாட்டிக்கொண்டு, வீட்டு நாற்காலியில் இருந்தபடியே விமானம் ஓட்டுவதற்கான வி.ஆர். ஹெட்செட் ஒன்றை அந்தப் பணத்தில் வாங்கலாமா? வாங்கினால் அது பாவமாகுமா? அவருடைய ஒப்புதலைப் பெற்றே இதை எழுதுகிறேன்.

அவர் விமானப் படையில் எஞ்சின் ஃபிட்டராக 20 ஆண்டுகள் பணிபுரிந்தவர். இளமையில் விமானியாக விரும்பினார். கண்பார்வைத் தேர்வு குறுக்கே நின்றது. தரையில் நிற்கும் ஏ.என்.-32 விமானத்தில் விமானியின் இருக்கையில் எத்தனையோ முறை அமர்ந்திருக்கிறார். அது மேலே எழும்பியபோது ஒருமுறையேனும் அந்த இருக்கை அவருக்கு வாய்த்ததில்லை. மனைவி நான்கு ஆண்டுகளாகப் பக்கவாதத்தில் படுத்த படுக்கையாக இருக்கிறார். ஊட்டுவது, துடைப்பது, புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது யாவும் இவரே. இவர் வெட்கப்பட்டது விலையை எண்ணியன்று. “அவள் அங்கே படுத்துக் கிடக்க, நான் இங்கே கண்ணைக் கட்டிக்கொண்டு ஆகாயத்தில் பறப்பதா?” என்றார்.

நான் அன்று சொன்ன விடையை இன்று நினைத்தால் எனக்கு மகிழ்ச்சியில்லை. புனித அகுஸ்தினார் தம் ‘ஒப்புதல்கள்’ நூலின் மூன்றாம் பகுதியில், கார்த்தேஜ் நகரத்து நாடக மேடைமீது தமக்கிருந்த மோகத்தை நினைவுகூர்கிறார். மேடையில் துன்புறுவோரைக் கண்டு பார்வையாளர் அழுகின்றனர். ஆனால் உதவிக்கு வருமாறு அவர்களை யாரும் அழைப்பதில்லை. அழுகையே அவர்களுக்கு இன்பமாகிறது என்பது அவருடைய முறையீடு. குருமடத்தில் மனப்பாடம் செய்த இந்தச் சான்று என் நாவில் ஆயத்தமாக நின்றது. மெய்யான துன்பம் பக்கத்து அறையில் இருக்க, பொய்யான வானத்தைத் தேடுவது சரியன்று என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் தலையசைத்துவிட்டுப் போனார். மகளுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகப் பின்னர் அறிந்தேன். நானோ ஒரு நற்செயல் புரிந்தவனைப் போலச் சிற்றுண்டிக்குப் போனேன்.

அடுத்த முதல் வெள்ளியன்று, நோயாளர்க்கு நற்கருணை எடுத்துச் சென்ற வழியில் அவர் வீட்டுக்கும் போனேன். அவர் தண்ணீர் கொண்டுவர உள்ளே சென்ற நேரத்தில், அந்த அம்மையார் குழறும் நாவால் ஏதோ சொன்னார். இருமுறை கேட்ட பிறகே எனக்கு விளங்கியது. “நாள் முழுக்க என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருக்கார் சாமி. முடியல. அவரைப் பறக்க விடுங்க.”

நோயாளியையும் கேட்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றாமலே போயிருந்தது. அறநெறி இறையியல் படித்தவன் என்று சொல்லிக்கொள்வதற்கு இது அழகன்று. ஆகவே அந்தக் கேள்வியை, முதலில் எடுத்திருக்க வேண்டிய பொறுமையோடு, மீண்டும் எடுத்தேன்.

சொல்லிலிருந்து தொடங்குவோம். ‘விர்ச்சுவல்’ என்பதற்குத் தமிழில் ‘மெய்நிகர்’ என்று பெயரிட்டார்கள். பெயரிட்டவர் எண்ணியிருந்தாலும் எண்ணாவிட்டாலும், இச்சொல்லுக்குள் ஒரு முழு விவாதமே அடங்கியிருக்கிறது. தமிழில் மெய் என்றால் உண்மை. மெய் என்றால் உடல். உண்மைக்கும் உடலுக்கும் ஒரே பெயர் சூட்டிய மொழியில், மெய்நிகர் என்பது உண்மைக்கு நிகரானதா, உடலுக்கு நிகரானதா? கண்ணின் முன் கட்டிய இரு சிறு திரைகளில் ஒரு வானத்தை வரைந்து, தலை திரும்பும் பக்கமெல்லாம் அந்த வானமும் திரும்புமாறு செய்வதே இந்தக் கருவியின் வேலை. 1968இல் ஐவன் சதர்லண்ட் முதன்முதலாக அமெரிக்காவில் இத்தகையதொன்றை உருவாக்கினார். அது தலையால் தாங்க முடியாத பாரமாக இருந்தமையால் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியதாயிற்று. இன்று விற்கும் குவெஸ்ட் 3 ஏறத்தாழ அரைக் கிலோ எடையே கொண்டது.

விமானம் ஓட்டும் பாவனையோ அதைவிடப் பழையது; அது பிறந்த இடமும் நமக்கு அந்நியமானதன்று. நியூயார்க் மாநிலத்துப் பிங்காம்டன் நகரில் ஆர்கன் இசைக்கருவிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அதன் உரிமையாளரின் மகன் எட்வின் லிங்க். நம் கோவில் ஆர்மோனியத்திற்குள் இருக்கும் துருத்தியைப் போன்றதே ஆர்கனுக்குக் காற்றூட்டும் துருத்தியும். அந்தத் துருத்திகளை ஒரு மரப்பெட்டியின் அடியில் பொருத்தி, அதை விமானம்போலச் சாயவும் நிமிரவும் திரும்பவும் செய்தார் லிங்க். 1929இல் அது ஆயத்தமாயிற்று. தொடக்கத்தில் அதை வாங்கியவர்களில் பலர் கேளிக்கைப் பூங்கா நடத்துவோர். 1934இல் அமெரிக்க அரசு அஞ்சல் சுமக்கும் பணியைப் படை விமானிகளிடம் ஒப்படைத்தது. இரவிலும் பனியிலும் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டப் பழகாதவர்கள் சில வாரங்களுக்குள் பலர் மாண்டார்கள். அதன் பிறகே படையினர் லிங்கின் பெட்டிகளில் ஆறினை வாங்கினர். இரண்டாம் உலகப் போரில் பல இலட்சம் பேர் அந்தப் பெட்டிகளில் பயின்றார்கள். விளையாட்டுப் பொருள் என்று கருதப்பட்டது உயிர்காக்கும் பள்ளியாயிற்று.

அந்தப் பெட்டி கற்றுத் தந்த பாடம் விந்தையானது. அதன் மேல்மூடியை மூடிவிட்டால் உள்ளே இருப்பவருக்கு வெளியுலகம் தெரியாது. கருவிகளின் முட்கள் மட்டுமே தெரியும். ஏன் மூட வேண்டும்? மேகத்திற்குள் நுழைந்த விமானிக்கு உடலே பகையாகிவிடுகிறது. உட்செவியின் நீர்மம் சீரான வளைவில் சிறிது நேரத்திற்குள் அமைதியடைந்துவிடும். விமானம் சாய்ந்து வட்டமிட்டு இறங்கிக்கொண்டிருக்க, ‘நேராகத்தான் போகிறேன்’ என்று உடல் உறுதி கூறும். 1999 ஜூலையில் ஜான் எஃப். கென்னடியின் மகன், மனைவியோடும் மனைவியின் தமக்கையோடும் இரவில் கடலின்மீது பறந்து வீழ்ந்து இறந்தார். திசையுணர்வு குழம்பியதே காரணம் என்று விசாரணை முடிவு கூறியது. மேகத்திலும் இருளிலும் உடலை நம்பாதே, முட்களை நம்பு என்பதே விமானியின் முதல் பாடம்.

வி.ஆர். ஹெட்செட்டிலோ இது தலைகீழாகிறது. கண் ‘சாய்கிறோம்’ என்கிறது. உட்செவி ‘இல்லை, நாற்காலியில்தான் இருக்கிறாய்’ என்கிறது. இங்கே மெய்யே மெய் சொல்கிறது. இந்த வழக்கு தீராதபோது தலைசுற்றலும் குமட்டலும் வருகின்றன. (பிற்பாடு நானும் ஒருமுறை மாட்டிப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் எலுமிச்சை கேட்டேன்.) ஆன்மாவும் உடலும் தற்செயலாக ஒட்டிக்கொண்ட இரு பொருள்களல்ல, ஒரே மனிதன் என்று புனித தாமஸ் அக்குவினாஸ் கற்பித்ததற்கு, எந்தக் குருமட விரிவுரையை விடவும் என் வயிறு அன்று நல்ல சான்று தந்தது. ஆனால் அதே அக்குவினாஸ் இன்னொன்றையும் கற்பித்தார். தனக்குரிய பொருளைப் பற்றிப் புலன் தவறுவது அரிது. தவறு நுழைவது தீர்ப்பில். ஹெட்செட் மாட்டிய பெரியவர் தாம் மெய்யாகவே வானத்தில் இருப்பதாகத் தீர்ப்பளிப்பதில்லை. பொய்யென்பது ஏமாற்றும் நோக்கத்தைப் பொறுத்தது என்று அகுஸ்தினாரே வரையறுத்திருக்கிறார். ஏமாற்றுபவரும் இல்லை, ஏமாறுபவரும் இல்லை. எனவே ‘பொய்யான வானம்’ என்று நான் சொன்னது வெறும் சொல்லலங்காரம்.

கற்பனையால் வேறோர் இடத்திற்குச் செல்வது நமக்குப் புதியதுமன்று. புனித இஞ்ஞாசியாரின் ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலுக்குத் திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548இல் ஒப்புதல் அளித்தார். தியானம் செய்பவர் அதில் பெத்லகேம் குகையின் அகலத்தையும் உயரத்தையும் மனக்கண்ணால் அளக்க வேண்டும். ஆயினும் இஞ்ஞாசியார் அவரை அங்கே வேடிக்கை பார்க்க நிறுத்துவதில்லை. ஏழைப் பணியாளராகி அந்தக் குடும்பத்துக்கு ஊழியம் செய்யச் சொல்கிறார்.

அப்படியானால் என் மனத்தில் உறுத்தியது எது? அதற்கு விடை, இந்தத் தொழிலில் உள்ளவர்கள் மிகவும் விரும்பும் ஒரு சொல்லில் கிடைத்தது. நல்ல ஹெட்செட்டின் சிறப்பைச் சொல்ல அவர்கள் ‘பிரசன்ஸ்’ என்கிறார்கள்: அங்கேயே இருப்பதுபோன்ற உணர்வு. 1980இலேயே மார்வின் மின்ஸ்கி என்ற அறிவியலார், தொலைவில் இருந்தபடி இயங்குவதற்கு இச்சொல்லை ஒட்டியே பெயர் சூட்டினார். நம் செவிக்கு இது பழகிய சொல். பிரசன்னம். நற்கருணைப் பேழைமுன் எரியும் சிவப்பு விளக்கைச் சுட்டி, நம் தாய்மார் நமக்கு முதலில் கற்றுத் தந்த இறையியல் சொல் அதுவே. 2002இல் திருப்பீடச் சமூகத் தொடர்பு அவை, மெய்நிகர் காட்சி எதுவும் நற்கருணையில் உள்ள உண்மைப் பிரசன்னத்திற்கு ஈடாகாது என்று தெளிவாக்கியது. அப்போது அதை ஏட்டுச் செய்தியாகவே படித்தேன். 2020இல் கோவில் கதவுகள் மூடப்பட்டு, கைபேசித் திரையில் திருப்பலி கண்ட மக்கள், கதவு திறந்த பிறகு முதன்முறை நற்கருணை வாங்கியபோது அழுததைக் கண்டதும்தான் அதன் பொருள் எனக்கு விளங்கியது.

ஓரிடத்தைக் காண்பது வேறு. ஓரிடத்தில் இருப்பது வேறு. இருப்பவரை அழைக்கலாம். தொடக்க நூலில் மறைந்துகொண்ட மனிதனை நோக்கி இறைவன் கேட்ட முதல் கேள்வி, அவன் என்ன செய்தான் என்பதன்று. எங்கே இருக்கிறான் என்பது. சிறுவன் சாமுவேல் இரவில் உறங்கிக்கொண்டிருந்தான், கண்கள் மூடியிருந்தன, ஆனாலும் அழைப்பு எட்டும் தூரத்தில் இருந்தான். அகுஸ்தினாரை மறுபடி எடுத்துப் படித்தபோது, நான் அவரைத் தப்பான முனையில் பிடித்திருந்தது புரிந்தது. நாடகத்தின் குற்றமாக அவர் சொன்னது அது கற்பனை என்பதை மட்டுமன்று. பார்ப்பவர் உதவிக்கு அழைக்கப்படாதவராகவே அமர்ந்திருக்கிறார் என்பதையும். பெரியவரிடம் நான் கேட்டிருக்க வேண்டியது, ‘எந்த வானத்தைப் பார்ப்பீர்கள்?’ என்பதன்று. ‘அம்மா கூப்பிட்டால் உங்களுக்குக் கேட்குமா?’ என்பது.

விளையாட்டைப் பற்றி அக்குவினாஸ் ‘இறையியல் தொகுப்பு’ நூலின் இரண்டாம் பாகத்து இரண்டாம் பகுதி, 168ஆம் வினாவில் எழுதியதையும் அன்றிரவே தேடிப் பிடித்தேன். நாண் ஏற்றியபடியே வைத்த வில் முறிந்துபோகும் என்ற உவமையை, திருத்தூதர் யோவானைப் பற்றி வழங்கும் பழங்கதையிலிருந்து அவர் எடுத்தாள்கிறார். உடலுக்கு உறக்கம்போல உள்ளத்திற்கு விளையாட்டு. அளவு மீறிய விளையாட்டு குற்றம் என்று சொன்ன கையோடு, விளையாட்டே அறியாது பிறருக்குச் சுமையாகும் கடுகடுப்பும் குற்றமே என்கிறார். கட்டிலில் கிடந்த அந்த அம்மையார் குழறலில் சொன்னதும் இதுதானே? அக்குவினாஸ் மூன்று எச்சரிக்கைகள் தருகிறார். இழிவானதிலோ தீங்கானதிலோ இன்பம் தேடக்கூடாது. உள்ளத்தின் நிதானத்தை முற்றிலும் இழக்கக்கூடாது. ஆளுக்கும் காலத்துக்கும் இடத்துக்கும் பொருந்த வேண்டும். முதல் இரண்டில் பெரியவருக்குச் சிக்கலில்லை. மூன்றாவதுதான் எங்களுக்குக் கடையில் பயன்பட்டது.

ஆம், கடைக்கும் போனேன். தவறான அறிவுரையைத் திருத்துவதற்கு வேறு வழி தெரியவில்லை. எங்கள் பங்கு இளைஞர் ஒருவர், கணினிப் பொறியாளர், உடன் வந்தார். விற்பவர்கள் சொல்லும் எண்களை அவரே எங்களுக்கு விளக்கினார். விமான பாவனைக்குத் தெளிவு மற்ற விளையாட்டுகளை விட அதிகம் வேண்டும். உயரமானியின் சிறு இலக்கங்களைப் படிக்க முடியாவிட்டால் எல்லாம் வீண். பழைய குவெஸ்ட் 2இல் ஒரு கண்ணுக்கு 1832க்கு 1920 புள்ளிகள். குவெஸ்ட் 3இல் 2064க்கு 2208. எண்ணை விட வில்லையின் வகை முக்கியம் என்றார் அவர். பழைய வில்லைகளில் நடுப்பகுதி மட்டுமே தெளிவு. முட்களைப் பார்க்கத் தலையையே திருப்ப வேண்டும். புதியவற்றில் கண்ணை மட்டும் தாழ்த்தினால் போதும். பிறகு இரு கண்மணிகளுக்கு இடைப்பட்ட தூரம்: பெரியவர்களுக்குச் சராசரி 63 மில்லிமீட்டர். அதற்கேற்ப வில்லைகளை நகர்த்த முடியாத கருவி தலைவலியைத் தரும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஹெட்செட்டை விட அதை இயக்கும் கணினியே பெருஞ்செலவு. இதைக் கடைக்குள் நுழைந்த பிறகே நாங்கள் அறிந்தோம்.

ஹெச்.பி. ரிவெர்ப் ஜி2 என்ற கருவி, பயன்படுத்தியது, மலிவாகக் கிடைப்பதாகப் பெரியவர் கேள்விப்பட்டிருந்தார். 2020இல் வெளிவந்தபோது விமான பாவனைக்காரர்கள் கொண்டாடிய கருவி அது. ஆனால் அதற்கு அடித்தளமான மென்பொருளை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2024இல் வந்த விண்டோஸ் 11 பதிப்பிலிருந்து நீக்கிவிட்டது. பழுதில்லாத கண்ணாடி, பழுதில்லாத கம்பி. புதிய பதிப்புக்கு மாறியவர்களுக்குக் கருவி கண் திறக்கவில்லை. வாங்கிய பொருள் வாங்கியவருடையதுதானா என்ற கேள்வி இனி நம் அறநெறிப் பாடங்களில் இடம்பெற வேண்டும்; அது தனிக் கட்டுரைக்கு உரியது. இதைப் போலவே, இவற்றில் பல, அறையையே படம்பிடிக்கும் கேமராக்களைக் கொண்டு தம் இடத்தை அறிகின்றன என்பதையும் இளைஞர் சொன்னார். நோயாளியின் கட்டில் உள்ள அறையில் அதை மாட்டுவதில்லை என்று பெரியவர் அங்கேயே முடிவுசெய்தார்.

அவர் கடைக்காரரிடம் கேட்ட கேள்வியோ புள்ளிகளைப் பற்றியதன்று. சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு பித்தளை மணியை எடுத்தார். மனைவியின் நலமுள்ள இடக்கையில் கட்டியிருக்கும் மணி. “இதை மாட்டியிருக்கும்போது இந்தச் சத்தம் கேட்குமா?” காதை மூடிக் கவ்வும் ஒலிப்பான் உள்ளவற்றை எல்லாம் அவ்விடத்திலேயே ஒதுக்கினார். சிலவற்றில் ஒலிப்பான் காதைத் தொடாமல் விலகி நிற்கிறது. வேறு சிலவற்றில் பட்டையிலிருந்தே ஒலி வருகிறது. குவெஸ்ட் 3இன் பக்கத்தில் இருமுறை தட்டினால் வானம் மறைந்து அறை தெரியும். 2017 வாக்கில் ஏசர், லெனோவோ, டெல் ஆகியோர் செய்த சிலவற்றில் முகமூடியையே தொப்பியின் விளிம்புபோல மேலே தூக்கிவிடலாம். நல்ல ஏற்பாடு, ஆயினும் அவை ஜி2இன் கதியைச் சேர்ந்தவை. ஹெட்செட்டே வேண்டாம், பெரிய திரை போதும் என்று நான் இடையில் சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. “திரையை 40 வருசமா பாக்குறேன் சாமி. ஜன்னலைத் திரும்பிப் பாக்கணும்.” அவர் சொன்னது சரியே.

மணியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இளைஞர் கடையின் மறுகோடியில் நின்றார். பெரியவர் ஒவ்வொன்றாக மாட்டினார். இளைஞர் மணியடித்தார். கடையிலிருந்த மற்றவர்கள் எங்களை என்ன நினைத்தார்களோ. பவுலடியார் நம்பிக்கைக்கு வாயிலாகக் கண்ணைச் சொல்லாமல் செவியைச் சொன்னது அப்போது என் நினைவுக்கு வந்தது. அங்கே அதைச் சொல்லத் துணியவில்லை.

எல்லாருக்கும் இதே விடை என்று நான் சொல்ல வரவில்லை. தாயின் அழைப்புக்குத் தப்பவே இதே கருவியை மாட்டிக்கொள்ளும் 20 வயது இளைஞனும் என் பங்கில் இருக்கிறான். அவனுக்கு ஒலிப்பான் எந்த வகையாய் இருந்தாலும் மணி கேட்காது. அவனோடு பேச வேண்டியது வேறு.

கருவி வீட்டுக்கு வந்து சில மாதங்கள் ஆகின்றன. மாலையில் அம்மையார் உறங்கும் நேரத்தில் ஒருமணி நேரம் பறக்கிறார். ஒருநாள் தம் சொந்த ஊரின் மேல் பறந்ததாகச் சொன்னார். ஆறு சரியாக இருக்கிறதாம், சாலை சரியாக இருக்கிறதாம். தமக்குத் திருமுழுக்குக் கிடைத்த கோவில் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஓட்டு வீடு நிற்கிறதாம். செயற்கைக்கோள் படத்திலிருந்து கணினி ஊகித்துக் கட்டும் ஊர் அது. கோபுரத்தை அதற்கு யாரும் சொல்லவில்லை. அதை மனைவியிடம் சொன்னபோது, அந்தப் பக்கவாத முகத்தில் பாதி சிரித்ததாம்.

சென்ற வாரம் நற்கருணை கொண்டுபோனபோது விசாரித்தேன். முதன்முறையாகக் கோயம்புத்தூரிலிருந்து கொச்சிவரை முழுமையாகப் பறக்க முயன்றிருக்கிறார். பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து, சக்கரங்களை இறக்கி, ஓடுபாதையின் விளக்குகள் எதிரே தெரிந்த வேளையில் மணி அடித்தது. இடைநிறுத்தும் பொத்தான் ஒன்று இருக்கிறதே, அழுத்தினீர்களா என்று கேட்டேன்.

“மறந்துட்டேன் சாமி. கழட்டி வச்சிட்டு ஓடிட்டேன். தண்ணி குடுத்து, திருப்பிப் படுக்க வச்சிட்டு வந்து பாத்தா, விமானம் வயல்ல விழுந்து கிடந்துச்சு.”